குருதி சொல்லும் சாட்சி: சட்டம் செவிகொடுக்குமா?

சில காலத்துக்கு முன் எம்மிடம் ஒரு வழக்கு வந்தது. வழக்கு என்று சொல்லுமளவுக்கு அது பெரியதன்று. ஒரு பசுவைப் பற்றிய பிணக்கு. கமக்காரர் ஒருவர் தமது கறவைப் பசுவை அடுத்த ஊரிலுள்ள உறவினருக்கு விற்றார். விற்ற அன்று பசு நன்றாக மேய்ந்தது. பாலும் குறைவின்றிக் கறந்தது. மூன்றாம் நாள் அதன் வாயிலிருந்து நூல் நூலாக உமிழ்நீர் வடிந்தது. நாக்கிலே கொப்புளம், குளம்பிடையிலே புண். வாங்கியவரின் தொழுவத்திலே நின்ற மற்ற மூன்று மாடுகளும் ஒரு வாரத்துக்குள் நோயிலே விழுந்தன. கால்–வாய் நோய், கோமாரி என்றெல்லாம் சொல்லப்படும் வைரசு நோய்தான் அது. வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார், விற்றவர் மறுத்தார், இருவரும் எமது மேசைக்கு முன்னே வந்து நின்றனர்.

இத்தகைய பிணக்கிலே முதலில் எழும் கேள்வி, விற்றவர் அறிந்து மறைத்தாரா என்பதே. அவர் ஒளிக்காமற் சொன்னார்: "ஐயா, அயலிலை வருத்தம் எண்டு காதிலை விழுந்தது உண்மை. ஆனால் என்ரை மாட்டிலை ஒண்டும் தெரியேல்லை. கண்ணாலை கண்டிருந்தால் வித்திருக்க மாட்டன்." அவருடைய சொல்லை நாம் நம்பினோம். விற்றவருக்கும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை. பசுவின் குருதிக்கு மாத்திரம் அன்றைக்கே தெரிந்திருந்தது.

"விற்குமுன் குருதியைச் சோதிக்க ஒரு வழி இருந்திருந்தால் சோதித்திருப்பீர்களா?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "சோதிச்சு வருத்தம் இருக்கு எண்டு வந்தால் பட்டியைப் பூட்டுவினம், பாலும் எடுக்கமாட்டினம். பிறகு என்ரை பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது?" என்றார்.

உறவினராதலால் பாதிப் பணத்தோடு இருவரையும் சமாதானஞ் செய்து அனுப்பினோம். ஆனால் அந்தக் கமக்காரர் சொன்ன இரு மறுமொழிகளும் எம்மை விட்டு அகலவில்லை. "கண்ணுக்குத் தெரியேல்லை" என்ற முதலாவதற்கு விஞ்ஞானிகள் விடை கண்டுகொண்டிருக்கின்றனர். "பிள்ளைகளுக்கு ஆர் சோறு போடுறது" என்ற இரண்டாவதற்கு விடை கூற வேண்டியவர்கள் சட்டமியற்றுவோர். இரண்டாவதற்கு விடை கூறாமல் முதலாவதற்கு எத்துணை அரிய விடை கண்டாலும் அது ஆய்வுகூடத்து அலுமாரியிலேயே கிடக்கும். நாம் இங்கே சொல்ல வருவது இதுவே.

சாட்சிகள் மூவர்

கால்–வாய் நோயிலே கிருமி உடலிற் புகுந்த நாளுக்கும் கொப்புளம் தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் 2 முதல் 14 நாட்கள் வரை செல்லும். அந்த இடைவெளியிலே மாடு மேய்கிறது, அசைபோடுகிறது, பால் தருகிறது. உள்ளே போர் நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் போரின் தடயங்கள் குருதியிலே மிதக்கின்றன. அவற்றைத்தான் விஞ்ஞானிகள் குருதிக் குறிகாட்டிகள் என்கின்றனர். நீதிமன்றத்திலே நாட்களைக் கழிக்கும் எமக்கு அவை மூவகைச் சாட்சிகளாகத் தோன்றுகின்றன.

முதலாவது, பிறபொருளெதிரி. கிருமியை எதிர்த்து உடல் ஆக்கும் புரதம் இது. இது நம்பத்தக்க சாட்சி. ஆனால் சம்பவம் நடந்து சில நாட்கள் கழிந்தபின் வரும் சாட்சி. தடுப்பூசி ஏற்றிய மாட்டிலும் பிறபொருளெதிரி இருக்குமாதலின், உண்மையிலே நோயுற்ற மாடு எது, ஊசி பெற்ற மாடு எது என்று பிரித்தறிய வேறு உபாயம் வேண்டியிருந்தது. கிருமி உடலினுள் பெருகும்போது மாத்திரம் தோன்றும் சில புரதங்கள் உண்டு. நன்கு சுத்திகரித்த தடுப்பூசியிலே அவை இரா. ஆகவே அவற்றுக்கெதிரான பிறபொருளெதிரி குருதியிலே காணப்படின், அந்த மாடு கிருமியை நேரிற் கண்ட மாடு என்று துணியலாம்.

இரண்டாவது, கிருமியின் மரபுப் பொருள். இது கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிப்பதை ஒக்கும். கொப்புளம் தோன்றுமுன்னரே குருதியிலே கிருமி உலாவத் தொடங்கிவிடுகிறது. அதன் மரபுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் சோதனை, மிகச் சிறிதளவையும் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவதே இன்று ஆராய்ச்சியாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது. அது கிருமியைத் தேடாமல், கிருமி வந்ததற்கு மாட்டின் உடல் காட்டும் மறுதாக்கத்தைத் தேடுகிறது. இரவிலே நாய் குரைத்தால் எவரோ வளவுக்குள் வந்துவிட்டார் என்று அறிகிறோம் அல்லவா? அது போன்றது இச்சாட்சி. ஹப்ரோகுளோபின் என்ற புரதம் நலமான மாட்டின் குருதியிலே இல்லையென்றே சொல்லலாம். உடலுக்கு ஊறு நேர்ந்தால் அது பன்மடங்கு பெருகும். வைரசைக் கண்டவுடன் கலங்கள் இன்டர்பெரோன் என்னும் எச்சரிக்கைப் பொருளை வெளியிடும். வெண்குருதிக் கலங்களின் தொகையும் மாறும். அமெரிக்காவின் பிளம் தீவு ஆய்வுகூடத்தார் 2017ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு, கால்–வாய் நோயுற்ற மாடுகளின் குருதியிலே நுண் ஆர்.என்.ஏ. எனப்படும் மிகச் சிறிய மூலக்கூறுகளின் அளவு மாறுபடுவதைக் காட்டியது. நோய் கடுமையாக இருக்கும் நாட்களிலே ஒரு வகை மிகுந்திருந்தது. நோய் ஆறியபின்னும் கிருமி தொண்டையிலே தங்கிவிட்ட மாடுகளிலே வேறொரு வகை மிகுந்திருந்தது.

ஆயின் நாய் குரைப்பதைக் கொண்டு வந்தவன் கள்ளனா, வழி தவறிய அயலவனா என்று சொல்லிவிட முடியுமா? ஹப்ரோகுளோபின் கன்று ஈன்ற பசுவிலும் பெருகும். காயம்பட்ட காளையிலும் பெருகும். இது சூழ்நிலைச் சான்று. சூழ்நிலைச் சான்றை மாத்திரம் வைத்து ஒருவனைத் தூக்குமேடைக்கு அனுப்ப நீதிபதிகள் எவ்வளவு தயங்குவரோ, அவ்வளவு தயக்கம் இங்கும் வேண்டும். அதற்காக அதனைத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. நாய் குரைத்தால் விளக்கை ஏற்றிப் பார்ப்பது அறிவுடைமை. குரைத்த மாத்திரத்திலே இருளிலே துவக்கை எடுத்துச் சுடுவது அறிவுடைமை அன்று.

டென்மார்க் கற்பித்த பாடம்

குருதியைக் கொண்டு மாட்டு நோயைப் பிடிக்கும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1950களிலே டென்மார்க் நாட்டு மாடுகளிடையே வெண்குருதி நோய் பரவியிருந்தது. நிணநீர்க் கணுக்கள் வீங்கி, கட்டிகள் தோன்றி, மாடு மெலிந்து இறக்கும். காரணமான வைரசு 1969ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவிலே கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் டென்மார்க் அதுவரை காத்திருக்கவில்லை. பெண்டிக்சன் என்ற மிருக வைத்திய அறிஞர் மாட்டின் குருதியிலே நிணநீர்க் கலங்களை எண்ணி, மாட்டின் வயதுக்கேற்ப எது இயல்பு, எது ஐயத்துக்குரியது, எது நோய் என்று வகுத்து ஓர் அட்டவணை அமைத்தார். 1959ஆம் ஆண்டிலே அந்நாடு நோயொழிப்பைத் தொடங்கியபோது அந்த அட்டவணையே அதன் கருவியாயிற்று. கிருமி இன்னதென்று அறியாத நிலையிலே, குருதி காட்டிய குறியை மாத்திரம் கொண்டு ஒரு வைரசு நோயை எதிர்த்தனர்.

இதிலே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அந்த வைரசு புகுந்த மாடுகளிலே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கிலேதான் நிணநீர்க் கலங்கள் நிலையாகப் பெருகும். கட்டிகள் தோன்றுவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆகவே தனியொரு மாட்டின் குருதியைப் பார்த்து "இது நலம்" என்று சொன்னால் பெரும்பாலும் பிழைத்துவிடும். டென்மார்க் மக்கள் தனி மாட்டை விசாரிக்கவில்லை. பட்டி முழுவதையும் ஒருங்கே விசாரித்தனர். பட்டியிலே சில மாடுகளின் குருதி குறி காட்டினால் அந்தப் பட்டி முழுவதும் கண்காணிப்புக்குள் வந்தது. பின்னாளிலே பிறபொருளெதிரிச் சோதனை வந்து பழைய அட்டவணையை ஓய்வு பெறச் செய்தது. நோயும் அந்நாட்டை விட்டு ஒழிந்தது. குறைபாடுள்ள கருவியாயினும், அதன் குறைபாட்டை அறிந்து கையாள்வோரிடம் அது பயன் தரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிரித்தானியா கொடுத்த விலை

மாறாக, 2001ஆம் ஆண்டிலே பிரித்தானியாவிலே நடந்ததை எண்ணிப் பாருங்கள். பெப்ரவரியிலே எசெக்ஸ் பகுதி இறைச்சிக் கூடமொன்றிலே பன்றிகளிடம் கால்–வாய் நோய் காணப்பட்டது. அதற்குள்ளாகவே நோய் நாடெங்கும் சென்றுவிட்டது. செம்மறியாட்டிலே இந்நோயின் குறிகள் மிக மெல்லியவை. நோயுற்ற ஆடுகள் சந்தை சந்தையாக விற்கப்பட்டுச் சென்றதை எவர் கண்ணும் காணவில்லை. ஈற்றில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களிலே நோய் உறுதி செய்யப்பட்டது. அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. நோய் கண்ட பண்ணையின் விலங்குகளை 24 மணி நேரத்துக்குள்ளும், அதனை அடுத்த பண்ணைகளின் விலங்குகளை 48 மணி நேரத்துக்குள்ளும் கொல்வது விதியாயிற்று. அடுத்த பண்ணை என்பதே குற்றம்; சோதனையும் இல்லை, விசாரணையும் இல்லை. டெவன் பகுதியிலே கொன்று கிடத்தப்பட்ட மாடுகளிடையே சில நாட்கள் கழித்து ஒரு வெள்ளைக் கன்று உயிரோடு காணப்பட்டபோது அந்த நாடே கண் கலங்கியது. அதன்பின்னரே அரசு தனது விதியைத் தளர்த்தியது.

பத்தாண்டுகள் கழிந்து, 2011ஆம் ஆண்டிலே, பேர்பிறைற் ஆய்வுகூடத்தாரும் எடின்பரோப் பல்கலைக்கழகத்தாரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கால்–வாய் நோயுற்ற மாடு பிறிதொரு மாட்டுக்கு நோயைக் கொடுக்கக்கூடிய காலம் சராசரியாக 1.7 நாட்கள் மாத்திரமே என்றும், நோய்க்குறி தோன்றி ஏறக்குறைய அரை நாள் சென்ற பின்னரே அக்காலம் தொடங்குகிறதென்றும் அவர்கள் கண்டனர். இதன் பொருள் என்ன? குருதியிலே கிருமி உண்டு. ஆயினும் மாடு இன்னும் அயல் மாட்டைத் தொற்றவில்லை என்ற ஒரு சிறு பொழுது இருக்கிறது. அந்தப் பொழுதிலே நோயை அறிந்து மாட்டைப் பிரித்து வைத்தால் பரவல் நின்றுவிடும். அயற்பண்ணை மாடுகளைக் கொல்ல வேண்டிய தேவையும் குறையும். அந்த ஒரு நாளைப் பிடிப்பதற்காகவே குருதிக் குறிகாட்டிகளை நாடுகின்றனர். ஆம், ஒரேயொரு நாள்! ஆனால் அந்த ஒரு நாளிலே ஓர் ஊரின் மாட்டுச் செல்வம் தங்கியிருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

இதனைக் கேட்டு, இன்றே எல்லா மாடுகளின் குருதியையும் எடுப்போம் என்று எவரும் புறப்பட வேண்டாம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஆயிரம் மாடுகளிலே பத்துக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லும் ஒரு சோதனை எம்மிடம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நோயுற்ற பத்திலே ஒன்பது அல்லது பத்து அகப்படும். நலமான 990 மாடுகளிலோ நூற்றுக்கு ஐந்து வீதம், ஏறக்குறைய 50 மாடுகள், நோயுடையவை என்று பிழையாகக் குறிக்கப்படும். குற்றஞ்சாட்டப்பட்ட அறுபதிலே ஐம்பது நிரபராதிகள்!

ஆயிரம் குற்றவாளிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படலாகாது என்பது எமது தொழிலின் அடிப்படை அறம். தொற்று நோயிலே அதனை அப்படியே பின்பற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். தப்பிய ஒரு மாடு ஒரு பட்டியையே அழித்துவிடும். ஆனால் ஐம்பது நிரபராதிகளின் சொந்தக்காரர் ஐம்பது கமக்காரர் என்பதை மறக்கலாகாது. எனவே முதற் சோதனை ஐயத்தை எழுப்புவதற்கு மாத்திரம்; இரண்டாவதாக வேறொரு முறையிலே செய்யும் சோதனையே தீர்ப்புக்கு உரியது. அயலிலே நோய் எழுந்த காலத்திலே, எழுந்த இடத்திலே சோதித்தால் இந்தக் கணக்கும் எமக்குச் சாதகமாகத் திரும்பும்.

எமது மண்ணிலே

இஃது எங்கோ உள்ள நாடுகளின் கதை என்று எண்ணுவோருக்கு மூன்று ஆண்டுகளை நினைவூட்டுகிறோம். 1987ஆம் ஆண்டிலே, பல்லாண்டுகளாக இலங்கையிலே இல்லாதிருந்த மாட்டுக் கொள்ளை நோய் வடக்கு கிழக்கிலே மீண்டும் புகுந்தது. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்கென்று கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வந்தது.  கடைசி மாடு நோயுற்றது 1994ஆம் ஆண்டிலே. உலகெங்கும் அந்நோய் ஒழிந்ததென 2011ஆம் ஆண்டிலே பிரகடனஞ் செய்தபோது, அந்த முடிவுக்கு உறுதி தந்தவை நாடு நாடாக எடுக்கப்பட்ட குருதி மாதிரிகளே. 2014ஆம் ஆண்டிலே கால்–வாய் நோய் இத்தீவிலே பரவலாக எழுந்தது. 2020ஆம் ஆண்டிலே தோல் கழலை நோய் முதன்முதலாக இலங்கையிலே காணப்பட்டதும் எமது வட மாகாணத்திலேயே.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் பட்டி மாடு வளர்ப்போரின் நிலை தொழுவத்திலே இரண்டு பசு கட்டி வளர்ப்போரின் நிலை போன்றதன்று. பெரும்போகம் தொடங்கியதும் வயற்புறத்தை விட்டு மாடுகளைத் தொலைவிலுள்ள மேய்ச்சற் தரைக்குச் சாய்த்துச் செல்ல வேண்டும். பல ஊர்ப் பட்டிகள் அங்கே கலக்கும். மேய்ச்சற் தரை சுருங்கச் சுருங்க நெருக்கம் கூடும். நெருக்கம் கூடக் கூட நோயும் கூடும். மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர் தமது மேய்ச்சற் தரைக்காக 2023ஆம் ஆண்டு முதல் போராடியதை நிலப் பிரச்சினை என்று மாத்திரம் கொள்வோர் பாதியையே காண்கின்றனர். அது கால்நடைச் சுகாதாரப் பிரச்சினையுமாகும். மேலும், காட்டிலே மேயும் மாட்டைப் பிடித்துக் கட்டி ஓர் ஊசி போடுவதே பெரும்பாடு. ஒவ்வொரு மாட்டிலும் குருதி எடுப்பது எங்ஙனம்? இங்கேதான் டென்மார்க்கின் பாடம் உதவுகிறது. பட்டிக்குச் சில மாடுகளின் குருதி போதும், விசாரணை பட்டிக்கே.

எமது நாட்டிலே கால்–வாய் நோய்க்குப் பட்டியைக் கொல்லும் வழக்கம் இல்லை. தடுப்பூசியும் நடமாட்டத் தடையுமே வழக்கம். அது நன்று. ஆயினும் தடை விதிக்கப்பட்ட கமக்காரருக்கு அது சிறிய தண்டனையன்று. மாட்டை விற்க முடியாது. பாலுக்கு வாங்குவோர் இல்லை. புல்லுள்ள இடத்துக்குச் சாய்க்கவும் முடியாது. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் நோயை அறிவிக்கும் கடமையை மாட்டுக்குரியவர் மீது சுமத்துகிறது. கடமையைச் சுமத்துவது எளிது. கடமையைச் செய்தவன் பட்டினி கிடக்கவும், செய்யாதவன் இரவோடிரவாக மாட்டை விற்றுத் தப்பவும் இடமிருப்பின், அந்தச் சட்டம் நேர்மையாளனுக்கு எதிரான சட்டமாகவே நடைமுறையில் முடியும்.

நாம் கேட்பவை

முதலாவதாக, குருதிச் சோதனையால் நோய் அறியப்பட்டுத் தடை விதிக்கப்படும் பட்டிக்கு, தடை நீங்கும் நாள் வரை இழந்த பாலுக்கு நட்டஈடும், கட்டி வைத்த மாட்டுக்குத் தீவனமும் கொடுக்கச் சட்டத்திலேயே ஏற்பாடு வேண்டும். தாமாக முன்வந்து சோதனைக்குக் கொடுத்தவருக்கு அது தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். கருணையாக அன்று, உரிமையாக.

இரண்டாவதாக, சோதனை முடிவு மாட்டுக்குரியவரின் மொழியிலே, எழுத்திலே கொடுக்கப்படல் வேண்டும். தமிழ்க் கமக்காரருக்குத் தமிழிலே. வேறொரு முறையிலே இரண்டாம் சோதனை கேட்க அவருக்கு உரிமை வேண்டும். மறுபக்கத்தையும் கேள் என்பது நீதியின் முதல் விதி. அது கச்சேரிக்கும் தொழுவத்துக்கும் பொதுவானது.

மூன்றாவதாக, வைரசு நோயை உறுதி செய்யும் பணியைக் கண்டிக்கருகே பொல்கொல்லையிலுள்ள ஆய்வுகூடத்தின் தலையிலேயே சுமத்தாமல், வடக்கிலும் கிழக்கிலும் அதற்கான வசதியும் பயின்ற உத்தியோகத்தரும் வேண்டும். ஒரு நாளைப் பிடிப்பதற்கென்று எடுத்த குருதி, பஸ்ஸிலே ஒரு நாளும் மேசையிலே பல நாளும் கிடக்குமாயின் அதனை எடுத்ததன் பயன் யாது? தொழுவத்திலேயே வைத்துப் பார்க்கும் கைக்கருவிகள் பிற நாடுகளிலே பரீட்சிக்கப்பட்டு வருகின்றன. அவற்றை எமது பட்டிகளிலும் பரீட்சித்துப் பார்க்கலாம்.

நான்காவதாக, இவற்றையெல்லாம் காரணங்காட்டித் தடுப்பூசியைப் பிற்போடலாகாது. முன்னறியும் கருவி காவலுக்குத் துணையேயன்றிக் காவலுக்குப் பதிலன்று.

கற்றோருக்கு ஒரு வார்த்தை. மாடு என்றாலே செல்வம் என்று பொருள் கொண்ட மொழி எமது மொழி. அந்தச் செல்வத்தைக் காப்போர் பெரும்பாலும் கோட்டுப் படியேறாதவர். மனு எழுதத் தெரியாதவர். மிருக வைத்தியர்களும், விஞ்ஞானிகளும், சட்டத்தரணிகளும் ஒருங்கிருந்து இந்நான்கு ஏற்பாடுகளையும் ஒரு சட்ட நகலாக வரைந்து, எமது பிரதிநிதிகளின் கையிலே கொடுக்க வேண்டும். கமக்காரருக்கும் ஒரு வார்த்தை. அயலிலே நோய் என்று கேட்ட நாளிலே மாட்டை விற்காதீர், வாங்காதீர், மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். ஒளிப்பதனால் நீங்கள் காப்பது ஒரு மாட்டின் விலை. இழப்பது ஊரின் பட்டி.

எம்மிடம் வந்த அந்தக் கமக்காரர் தீயவரல்லர். தம் கண்ணை நம்பினார். கண் அவரைக் கைவிட்டது. சட்டத்தை நம்ப அவருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. அடுத்த முறை அவரோ அவர் போன்ற ஒருவரோ பசுவை விற்குமுன் அதன் குருதியைச் சோதிக்கத் தாமாகவே முன்வரும் நிலையை நாம் உண்டாக்கினோமாயின், அன்றைக்கே இந்தப் புதிய விஞ்ஞானம் எமது தொழுவங்களுக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.